போல்டில் பூட்டும் ரொக் ஸ்லைடர்: திருகோணமலையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஜீப்பின் கதவுக்குக் கீழே கறுப்புப் பைப் ஒன்று தெரிந்தால் போதும், பெற்றோல் செட்டிலோ தேத்தண்ணிக் கடை வாசலிலோ யாராவது குனிந்து பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குவார்கள். ஆள்தான் மாறும், கேள்வி மாறாது. அடிக்கடி வந்தவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் போட்டிருக்கிறேன். முதலில் வருபவை புதியவர்களுக்கு. ஸ்பானரை ஏற்கெனவே கையில் எடுத்துவிட்டவர்கள் நடுப்பகுதியிலிருந்து படிக்கலாம்.

ரொக் ஸ்லைடர் எண்டா என்ன அண்ணே? சைட் ஸ்டெப்தானே?

இல்லை. சைட் ஸ்டெப் ஏறி இறங்குவதற்கு. ஒரு ஆளின் எடையைத் தாங்கினால் அதன் வேலை முடிந்தது. ஸ்லைடர் வாகனத்தின் எடையையே தாங்க வேண்டும். முன் சில்லு கல்லில் ஏறி இறங்கியதும் அடுத்து அந்தக் கல்லின்மேல் வந்து உட்காருவது கதவுக்குக் கீழே ஓடும் தகடுதான். அது ஒரு மில்லிமீற்றர் அளவுக் கனமுள்ள மெல்லிய தகடு. ஒருமுறை நெளிந்தால் கதவு சரியாகச் சாத்தாது. வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்து எடுக்கும்போது செலவு ஸ்லைடர் விலையைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை.

பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். படுத்துக் கீழே பாருங்கள். மெல்லிய பட்டைக் கம்பியில் தொங்கினால் சைட் ஸ்டெப். தடித்த கால்கள், வாகனத்தின் அடிச்சட்டமான செசியைப் போய்ப் பிடித்திருந்தால் ஸ்லைடர்.

திருகோணமலையில எங்க பாறை? எனக்கு இது தேவையோ?

உப்புவெளி, நிலாவெளி, கந்தளாய் என்று தார் வீதியிலேயே ஓடுபவருக்குத் தேவையில்லை. மார்பிள் பீச் பக்கமோ புல்மோட்டைப் பக்கமோ மணலில் இறங்குபவருக்கும் தேவையில்லை. மணலுக்கு டயர்க் காற்றைக் குறைத்து ஓடத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

தேவைப்படுவது பன்குளம், கோமரங்கடவல, திரியாய்க்கு உட்புறம் என்று காட்டுப் பாதையால் வயலுக்கும் குளத்துக்கும் போய்வருபவர்களுக்கு. மார்கழி மழை கிறவலை அள்ளிக்கொண்டு போன பிறகு அடியில் கிடந்த கல்லெல்லாம் தலை காட்டும். கல்லைவிட மோசம் பழைய சேனை நிலத்து அடிக்கட்டைகள். வெட்டி எரித்த பாலை மரமும் வீரை மரமும் புல்லுக்குள் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். தெரியவும் தெரியாது, உடையவும் உடையாது.

ஆனால் உழவு இயந்திரம் ஓடிக் குழியாக்கிய பாதையில் நடுமேடு அடியில் தட்டுகிறது என்பதுதான் உங்கள் கவலை என்றால், ஸ்லைடர் அதற்கு மருந்தல்ல. அங்கே அடிபடுவது அச்சின் நடுவில் தொங்கும் பற்சக்கரப் பெட்டியான டிஃப்பும், எஞ்சினுக்கு அடியில் உள்ள ஒயில் தொட்டியான சம்பும். அடித்தகடு போடுங்கள், நல்ல டயர் வாங்குங்கள். காசு மிஞ்சினால் ஸ்லைடரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்.

என்ட வாகனத்துக்குப் பூட்டலாமோ?

ஏணி வடிவச் செசி உள்ள வாகனம் என்றால் பூட்டலாம். ஹைலக்ஸ், நவாரா, எல்200, ரேஞ்சர் போன்ற டபுள் கெப்கள், பிராடோ, ஜிம்னி, பழைய டிஃபெண்டர் எல்லாம் இந்த வகை. கீழே படுத்துப் பார்த்தால் முன்னிருந்து பின்வரை இரண்டு பக்கமும் பெட்டி இரும்பு ஓடுவது தெரியும்.

மொன்டேரோக்காரர்கள் கவனிக்க வேண்டும். 1999இல் வந்த மூன்றாம் தலைமுறையிலிருந்து அதற்குத் தனிச் செசி கிடையாது, பாடியோடு சேர்ந்தே வருகிறது. 2005க்குப் பிந்திய கிராண்ட் விட்டாராவும் அப்படித்தான். 2020இல் வந்த புதிய டிஃபெண்டர் அலுமினியத்தில் செய்த ஒற்றை உடல். இவற்றுக்கு அந்தந்த மொடலுக்கென்றே செய்த ஸ்லைடர் மட்டும்தான் சரிவரும். ‘எதற்கும் பொருந்தும்’ என்று விற்பதை வாங்கிப் பூட்டினால், காப்பாற்ற நினைத்த தகட்டையே அது உள்ளே தள்ளும்.

போல்ட் வகை திறமோ, வெல்டிங் வகை திறமோ?

பலம் மட்டும் என்று பார்த்தால், கைதேர்ந்த பாஸ் ஒருவர் செசியோடு ஒட்டியது ஒரு படி மேல். கைதேராதவர் ஒட்டினால் வெல்டிங் விளிம்பிலேயே செசி வெடிக்கத் தொடங்கும். வெல்டிங் சூட்டில் பெட்டிச் செசியின் உட்புறப் பெயின்ட் எரிந்துவிடும், அங்கே திரும்ப அடிக்கவும் முடியாது. கடற்காற்று அடிக்கும் நம் ஊரில் அந்த இடம் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். நான் போல்ட் வகைப் பக்கம் நிற்பதற்கு முதல் காரணம் இதுதான்.

கழற்றலாம், கழுவலாம், நெளிந்தால் மாற்றலாம், விற்கும்போது எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் அடுத்தவை. அதற்கு ஈடாக அவ்வப்போது கீழே படுத்து நட்டுகளைப் பார்க்க வேண்டும். அதற்குப் பஞ்சிப்படுபவருக்குப் போல்ட் வகை வேண்டாம்.

பைப் மொத்தமா இருந்தாக் காணும்தானே? என்னத்தைப் பார்த்து வாங்கிறது?

எல்லோரும் பைப்பைத் தட்டிப் பார்க்கிறார்கள். காலைப் பார்ப்பவர் குறைவு. எல்லாம் காலில்தான் இருக்கிறது. ஸ்லைடரைத் தலைகீழாகத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள், பைப்பிலிருந்து செசிக்குப் போகும் கால்கள் தெரியும். கல்லின் தள்ளு விழுவது வெளிப் பைப்பில், அதைத் தாங்குவது ஒரு சாண் தள்ளியிருக்கும் செசி. அந்தத் தூரம் நெம்புகோலாக வேலை செய்து காலை மேல்நோக்கி முறுக்கும். சுவரில் அடித்த பலகைத் தட்டின் நுனியில் ஆள் தொங்கினால் மேல் ஆணிதான் முதலில் பிடுங்கும், அதே கணக்கு இங்கே தலைகீழாக நடக்கிறது.

ஆகவே கால் செசியில் சேரும் நுனியில் உள்ள பிடித்தகடு உயரமாக இருக்க வேண்டும். செசிப் பக்கச் சுவரின் உயரத்தில் பெரும்பகுதியை அது மூட வேண்டும். போல்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக, இடைவெளி விட்டு வர வேண்டும். இரண்டு விரல் உயரத் தகட்டில் பக்கம் பக்கமாக இரண்டு போல்ட் என்றால் பைப் எவ்வளவு மொத்தமாக இருந்தும் பயனில்லை. தகடு 6 மி.மீ இருக்கட்டும். காலும் தகடும் சேரும் இடத்தில் முக்கோண மூலைத் தகடு இருந்தால் நல்லது. டபுள் கெப்புக்குப் பக்கத்துக்கு நான்கு கால், ஜிம்னி கட்டையானது, மூன்று போதும். காலின் அடி, செசியின் அடியைவிடக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் அதுவே கல்லில் கொழுவும்.

எங்கட வெல்டிங் கடையில ஜிஐ பைப்பில செய்யலாமோ?

செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஒன்றரை அங்குலப் பைப்பின் வெளி விட்டம் 48 மி.மீ அளவு. தண்ணீர்க் குழாயில் லைட், மீடியம், ஹெவி என்று மூன்று கனம் உண்டு. பிரிட்டிஷ் தர அளவில் ஹெவிக்குச் சிவப்பு வளையம், மீடியத்துக்கு நீலம். ஹெவியின் சுவர் 4 மி.மீ அளவு வரும், அதைக் கேட்டு வாங்குங்கள். மீடியம் 3 மி.மீக்குச் சற்று மேல். ஜிம்னிக்குக் காணும், இரண்டு தொன் டபுள் கெப்புக்கு எனக்கு மனம் வராது. பெட்டி இரும்பும் நல்லதுதான், கால்கள் நேராக உட்காரும்.

ஒரு எச்சரிக்கை. ஜிஐ பைப்பின் நாகப் பூச்சைக் கிரைண்டரால் சுத்தமாக எடுக்காமல் வெல்டிங் வைத்தால் வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர் காய்ச்சல் மாதிரி உடம்பு நடுங்கும். வெல்டிங்கும் நுரைத்து ஓட்டை விழும். பூச்சில்லாத கறுப்புப் பைப் கிடைத்தால் அதில் செய்வதே மேல்.

தட்டையா வாறது நல்லதோ, மேல வளைஞ்சு வாறது நல்லதோ?

கால்கள் 15 முதல் 20 பாகை மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் பைப் கதவோரத்துக்குக் கிட்ட, உயரத்தில் நிற்கும். அடியில் இடம் கூடும், மரக்கட்டைகளிலிருந்தும் பக்கம் காப்பாற்றப்படும். தட்டையாக வருவது ஏறி மிதிக்க வசதி. வீட்டில் அம்மா, அப்பா ஏறி இறங்குவதானால் அதையும் யோசியுங்கள்.

பின்பக்கம் பைப் வெளியே வளைந்து வரும் வகையை நான் விரும்புவேன். ஒடுங்கிய பாதையில் திரும்பும்போது பாலை மரத்தில் வளைவு முட்டி, வாகனத்தின் பின்பக்கத்தை அதுவே வெளியே தள்ளிவிடும். பின்கதவும் மட்கார்டும் தப்பும்.

பாடியோட ஒட்டி வைச்சா வடிவா இருக்கும். ஏன் இடைவெளி விடச் சொல்லுறீங்கள்?

செசியின் மேல் பாடி ரப்பர்களில்தான் உட்கார்ந்திருக்கிறது. பாதை நெளியும்போது செசி ஒரு பக்கம் முறுகும், பாடி இன்னொரு பக்கம் அசையும். ஸ்லைடர் செசியோடு போகும். ஒட்டி வைத்தால் இரண்டும் உரசி முதலில் பெயின்ட் போகும், பிறகு தகடு போகும். ஸ்லைடரும் அடிபடும்போது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். 15 முதல் 20 மி.மீ விட்டால் போதும், சின்ன விரல் தாராளமாகப் போய்வர வேண்டும்.

பாடியில் ஒரு திருகுகூட அடித்துப் பிடிக்க வேண்டாம். ‘ஆடாமல் இருக்கட்டும்’ என்று சொல்லிக் கடையில் அடித்துத் தந்தால் கழற்றச் சொல்லுங்கள்.

செசியில புதுசா ஓட்டை போடலாமோ?

முதலில் இருக்கிற ஓட்டைகளைத் தேடுங்கள். கம்பனியே பல இடங்களில் ஓட்டை விட்டிருக்கும், சிலவற்றில் உள்ளே நட் ஒட்டியே இருக்கும். மொடலுக்கென்று செய்த ஸ்லைடர்கள் அவற்றைத்தான் பயன்படுத்தும். அது முடியாவிட்டால் செசியைச் சுற்றிப் பிடிக்கும் யூ போல்ட் இருக்கிறது. அதை மட்டும் நம்பினால் அடி விழும்போது கால் வழுக்கி நகரும். அதனால் ஒரு காலையாவது ஓட்டையில் போல்ட் போட்டுப் பூட்டி வையுங்கள்.

போடத்தான் வேண்டும் என்றால் பக்கச் சுவரின் நடு உயரத்தில் மட்டும். மேல் முகமும் கீழ் முகமும்தான் வளையும் பாரத்தைச் சுமக்கின்றன. அங்கே ஓட்டை போட்டால் வெடிப்புக்கு நீங்களே வழி வெட்டிக் கொடுத்த மாதிரி. துளைக்க முன் மறுபக்கம் என்ன ஓடுகிறது என்று கையை விட்டுப் பாருங்கள். பிரேக் குழாய், டீசல் குழாய், வயர்க் கட்டு எல்லாம் செசியை ஒட்டித்தான் போகின்றன.

பெட்டிச் செசியில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வரும் போல்ட் என்றால் உள்ளே ஒரு இரும்புக் குழாய்த் துண்டு கட்டாயம். அது இல்லாமல் இறுக்கினால் பெட்டியின் இரண்டு சுவரும் உள்ளே ஒடுங்கும், எவ்வளவு இறுக்கினாலும் இறுகாது. துளைத்த ஓரத்துக்கு அன்றைக்கே பெயின்ட் தொட்டுவிடுங்கள்.

என்ன போல்ட் வாங்கிறது? ஸ்டெயின்லெஸ் போட்டா துருப்பிடிக்காதே?

போல்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும், அது போல்டின் பலத்தைக் காட்டும் எண். ஒன்றும் பொறிக்காதது கேட்டுக்குப் பூட்டத்தான் சரி. சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்டில் ஏ2-70 என்று இருக்கும், அது 8.8ஐவிட முந்தி இழுபடும். இறுக்கும்போது மரை பிடித்து இறுகி நின்றுவிடும் பழக்கமும் அதற்கு உண்டு. நாகப் பூச்சுள்ள 8.8, தடித்த வொஷர், நைலோன் வளைய நட் என்று வாங்குங்கள்.

இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சில் 12 மி.மீ போல்டுக்கு 80 நியூட்டன் மீற்றர் அளவு, 10 மி.மீக்கு 45 அளவு. ஸ்லைடரோடு தாள் வந்தால் அதில் உள்ள கணக்கே கணக்கு.

தகட்டுக்கும் செசிக்கும் நடுவில டியூப் ரப்பர் வெட்டி வைச்சா துரு வராதாம். உண்மையோ?

இந்த யோசனை எங்கிருந்து கிளம்பியதோ தெரியாது, ஊர் முழுக்க ஓடுகிறது. வைக்க வேண்டாம். போல்ட் பிடிப்பது அதன் இழுவையால். இரும்பும் இரும்பும் நெருக்கி நிற்பதால்தான் கால் நகராமல் இருக்கிறது. நடுவில் ரப்பர் இருந்தால் அது மெல்ல நசுங்கும், போல்ட் தளரும், கால் ஆடும், ஓட்டை அகலும். ரப்பருக்குள் உப்புத் தண்ணீரும் தேங்கி நிற்கும், துரு இன்னும் கெதியாய் வரும். தடித்த பெயின்டும் இதே வேலையைச் செய்யும். பிடித்தகட்டின் முகத்தில் மெல்லிய பிரைமர் ஒரு பூச்சு போதும், பூட்டி முடிந்த பிறகு ஓரத்தைச் சுற்றிப் பெயின்டோ மெழுகோ பூசுங்கள்.

வீட்டிலயே பூட்டலாமோ? எப்பிடித் தொடங்கிறது?

இரண்டு பேர் இருந்தால் ஒரு பின்னேரத்தில் முடியும். வாகனம் நாலு சில்லிலும் சமதரையில் நிற்கட்டும், ஜக்கில் தூக்கிவிட்டு அடியில் நுழைய வேண்டாம். முதல்நாளே செசி ஓட்டைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். உள்ளே நட் ஒட்டியிருக்கும் ஓட்டைகளில் மரை வெட்டும் ‘டப்’ போட்டு மரையைத் துப்பரவாக்குங்கள். வருடக்கணக்கில் சேறு காய்ந்த மரையில் போல்டைப் பலவந்தமாக ஏற்றினால் நட் உள்ளே கழன்று சுற்றும். அதைப் பிடிக்கச் செசியை வெட்டுவதைத் தவிர வழியில்லாமல் போகும்.

பிறகு ஸ்லைடரைச் சின்ன ஜக்கின் மேல் வைத்து உயர்த்தி, எல்லாப் போல்டையும் விரலால் மட்டும் ஏற்றுங்கள். ஒன்றை இறுக்கிவிட்டு அடுத்ததைத் தேடினால் கடைசிக் கால் பொருந்தவே பொருந்தாது. எல்லாம் ஏறிய பிறகு பாடி இடைவெளி முன்னும் பின்னும் ஒரே அளவா, நான்கு கதவும் தட்டாமல் திறக்கிறதா என்று பாருங்கள். புகைக்குழாய்ப் பக்கம் சூடு படாத தூரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சரி என்றால் நடுக் காலிலிருந்து இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்குங்கள். இறுக்கிய நட்டின் மேலும் தகட்டின் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்து விடுங்கள். கோடு முறிந்திருந்தால் நட் அசைந்திருக்கிறது என்று கீழே குனிந்ததுமே தெரியும்.

நூறு கிலோமீற்றர் ஓடியதும் ஒருமுறை இறுக்கம் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு ஒயில் மாற்றும்போதும், காட்டுக்குள் பலமாக அடிபட்ட நாளிலும்.

பூட்டின பிறகு ‘டிக் டிக்’ எண்டு சத்தம் வருது. ஏன்?

பெரும்பாலும் மேலே சொன்ன வெள்ளைக் கோடே பதில் சொல்லும். கோடு நேராக இருந்தும் சத்தம் வந்தால் பாடி இடைவெளியில் கல் மாட்டியிருக்கும், அல்லது கால் ஒன்று பிரேக் குழாயின் கிளிப்பில் தட்டும். பிந்தியது என்றால் அன்றைக்கே திருத்துங்கள், உரசி உரசிக் குழாய் ஓட்டையானால் பிரேக்கே போய்விடும்.

கடல் உப்புக்கு என்ன பூச்சு நிக்கும்?

தூளாகத் தூவிச் சூட்டில் உருக்கும் பவுடர் கோட் பூச்சு, கடையில் பளபளவென்று இருக்கும். ஆனால் ஸ்லைடர் என்பதே கல்லில் உரசுவதற்கான சாமான். ஒரு கீறல் விழுந்ததும் உப்பு அதற்குள் நுழைந்து பூச்சுக்கு அடியால் பரவும், வெளியே நல்லதாகத் தெரியும்போதே உள்ளே செதில் செதிலாகப் போயிருக்கும். எப்பொக்சி பிரைமரும் சாதாரண எனாமலும் அடித்துவிட்டுக் கீறல் விழும்போதெல்லாம் தூரிகையால் தொட்டுவிடுவது பார்வைக்குக் குறைவு, ஆயுளுக்குக் கூட.

எல்லாவற்றிலும் நின்று பிடிப்பது சூடான நாகத்தில் முக்கி எடுப்பது. கீறல் விழுந்தாலும் பக்கத்து நாகம் இரும்பைக் காக்கும். ஆனால் பைப்பின் இரண்டு நுனியும் அடைத்திருந்து, உள்ளே காற்றுப் போக ஓட்டை இல்லாவிட்டால் முக்கவே கூடாது. நாகம் 450 பாகை சூட்டில் இருக்கும், உள்ளே அடைபட்ட ஈரமும் காற்றும் விரிந்து பைப் வெடிக்கும். செய்யும்போதே வெல்டிங் பாஸிடம் சொல்லி ஓட்டை போடுங்கள். நாகம் பூசாவிட்டாலும் பைப்பின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும். கடற்கரை போய்வந்த அன்றே நல்ல தண்ணீரால் கால்களின் மேல்பக்கத்தைக் கழுவுங்கள், மணல் தேங்குவது அங்கேதான்.

ஹைலிஃப்ட் ஜக்கை ஸ்லைடரில குடுத்துத் தூக்கலாமோ?

ஹைலிஃப்ட் என்பது நீண்ட தண்டில் நாக்கு ஏறி இறங்கும் உயர ஜக். கால்கள் மேலே சொன்ன மாதிரி இருந்தால் தூக்கலாம். உருண்டைப் பைப்பில் ஜக்கின் நாக்கு வழுக்கும், அதனால் பைப்பைக் கவ்விப் பிடிக்கும் துண்டு ஒன்று வைத்துத்தான் தூக்க வேண்டும். ஜக்கைக் கால் இருக்கும் இடத்துக்கு நேரே கொடுங்கள், இரண்டு காலுக்கு நடுவில் வேண்டாம்.

வாங்கிய ஸ்லைடரைச் சோதிக்கவும் இதுவே வழி. வெளிப் பைப்பில் ஜக்கைக் கொடுத்து ஒரு சில்லு தரையை விட்டு எழும்பும்வரை தூக்கிப் பாருங்கள். பாடி இடைவெளி கொஞ்சம் குறைந்து, இறக்கியதும் பழையபடி வந்தால் சரி. பாடியில் முட்டினால், அல்லது இறக்கிய பிறகும் வளைந்தே நின்றால், வீட்டு முற்றத்திலேயே தெரிந்துகொண்டதற்குச் சந்தோசப்படுங்கள்.

பாரம் எவ்வளவு கூடும்? டீசல் கூடக் குடிக்குமோ?

மேலே சொன்ன ஒன்றரை அங்குல ஹெவிப் பைப் மீற்றருக்கு 4 கிலோவுக்குச் சற்று மேல். கால், தகடு எல்லாம் சேர்த்து ஒரு சோடி 40 முதல் 60 கிலோ என்று வையுங்கள். ஒரு ஆளை ஏற்றிய பாரம். டீசலில் உணரமாட்டீர்கள். முன்னுக்கு இரும்புப் பம்பர், வின்ச், மேலே கரியர் என்று ஏற்கெனவே அடுக்கியிருப்பவர் மட்டும் ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும்.

பொலிஸ் பிடிக்குமோ? காப்புறுதி?

புகைப் பரிசோதனைக்கும் ஸ்லைடருக்கும் தொடர்பில்லை. வீதியில் கண்ணில் படுவது மட்கார்டைத் தாண்டி வெளியே நீளும் பைப்பும், வெட்டிய கூரான நுனியும்தான். சைக்கிள்காரரின் காலைக் கிழிக்கிற மாதிரி எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பைப் நுனியை மூடி உருட்டிவிடுங்கள். காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்து, ஒரு பிரதியை வாகனப் புத்தகத்தோடு வையுங்கள்.

பழைய சோடி ஒண்டு மலிவா வருது. எடுக்கலாமோ?

உங்கள் மொடலும் ஆண்டும்தானா என்று முதலில் பாருங்கள். ஒரே பெயரில் வரும் வாகனத்துக்கும் தலைமுறை மாறினால் செசி ஓட்டை மாறும். பிறகு பிடித்தகட்டின் ஓட்டைகள். வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அது தளர்வாக ஓடிய சோடி. பைப்பின் அடியைச் சுத்தியலால் தட்டுங்கள், ‘டங்’ என்று கேட்க வேண்டும், ‘டப்’ என்று கேட்டால் உள்ளே துரு. புதுப் பெயின்ட் மணக்கும் சோடியைக் கூடுதல் சந்தேகத்தோடு பாருங்கள்.

நல்லா அடிபட்டு ஸ்லைடர் வளைஞ்சிட்டுது. நிமிர்த்திப் போடலாமோ?

வெளிப் பைப் மட்டும் நசுங்கியிருந்தால் அப்படியே ஓடலாம், அதன் வேலையே அதுதான். கால் வளைந்திருந்தால் கழற்றியே ஆக வேண்டும். ஸ்லைடரைத் திருத்துவது இரண்டாவது வேலை. முதலில் அந்தக் கால் பிடித்திருந்த இடத்தில் செசியைக் கழுவித் துடைத்து, டோர்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றி மயிரிழை மாதிரி வெடிப்பு இருக்கிறதா, பெட்டிச் சுவர் உள்ளே குழிந்திருக்கிறதா என்று விரலால் தடவியும் பாருங்கள். செசியில் ஒன்றும் இல்லை என்றால் காலை வெட்டி எடுத்துப் புதுக்கால் வைக்கலாம். சூடாக்கி நிமிர்த்திய காலை நான் திரும்பப் போடமாட்டேன். கழற்றிய 8.8 போல்டுகளையும் நைலோன் நட்டுகளையும் எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள்.

காசு இறுக்கம். சாரதிப் பக்கம் மட்டும் இப்ப போடட்டோ?

ஒரு பக்கம் மட்டும் போடுவதானால் இடப்பக்கம் போடுங்கள். வலப்பக்கக் கல்லைக் கண்ணாடியால் தலையை நீட்டியாவது பார்த்துவிடுவீர்கள். இடப்பக்கம் எங்கே அடிக்கட்டை நிற்கிறது என்று ஆசனத்திலிருந்து தெரியாது.